மீட்டர் கத்துகிறது, விளக்கு மங்குகிறது

காரின் இடது ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. பல்பை மாற்றியாகிவிட்டது, பலனில்லை. ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் உலோகப் பட்டை முழுசாக இருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையை ஃபியூஸ் பாக்ஸிலும் இன்னொரு முனையை ஹெட்லைட் கப்ளரிலும் வைத்தால் 'பீப்' என்று சத்தம் வருகிறது. சரி, வயரில் கோளாறில்லை என்று முடிவுகட்டி ரிலேயை மாற்றுகிறார்கள், பிறகு சுவிட்சை மாற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவான பிறகும் விளக்கு அதே மங்கலில் எரிகிறது. கோளாறு, சோதித்துப் பார்த்து ஒதுக்கிய அதே வயரின் இணைப்பில்தான் இருக்கிறது. மீட்டர் சொன்னது உண்மைதான். ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

கன்டினியூட்டி டெஸ்ட் என்று பணிமனைகளில் சொல்லப்படும் இந்தச் சோதனை மிக எளிமையானது. மீட்டருக்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அதிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம், பெரும்பாலான மீட்டர்களில் ஒரு மில்லிஆம்பியர் அளவோ அதற்கும் குறைவோ, வயர் வழியே அனுப்பப்படுகிறது. இரு முனைகளுக்கும் இடையே எவ்வளவு மின்னழுத்தம் விழுகிறது என்பதை மீட்டர் அளக்கிறது. ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதிப்படி, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைத்துவிடும். அந்தத் தடை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் மீட்டர் சத்தம் போடும். அந்த அளவு மீட்டருக்கு மீட்டர் மாறும். பல மீட்டர்களில் அது 30 முதல் 50 ஓம் வரை.

விஷயமே இந்த 30 ஓமில்தான் இருக்கிறது. 0.1 ஓம் தடையுள்ள நல்ல வயருக்கும், இணைப்பில் பச்சை பூத்து 20 ஓம் தடை ஏறிப்போன வயருக்கும் மீட்டர் எழுப்புவது ஒரே சத்தம்தான். காதால் மட்டும் கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றே.

ஹெட்லைட்டையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் சாலைகளில் மிகப் பரவலாக இருக்கும் எச்4 ஹாலஜன் பல்பின் லோ பீம் 55 வாட். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும். அப்படியானால் எரியும்போது அந்தப் பல்பு இழையின் தடை சுமார் 2.6 ஓம். இப்போது கப்ளருக்குள் ஒரு பின் துருப்பிடித்து அங்கே 2 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு அற்பமான எண். மீட்டர் கொஞ்சமும் தயங்காமல் கத்தும். ஆனால் மொத்தத் தடை 4.6 ஓமாகிவிட்டதால் மின்னோட்டம் 2.6 ஆம்பியராகக் குறைகிறது. பல்புக்குக் கிடைப்பது 7 வோல்ட்டுக்கும் குறைவு. மீதி 5 வோல்ட்டுக்கு மேல் அந்தத் துருப்பிடித்த பின்னிலேயே தொலைகிறது. இழை சூடு குறைந்தால் அதன் தடையும் குறையும் என்பதால் உண்மையில் பல்புக்குக் கிடைப்பது இன்னும் கொஞ்சம் குறையும்.

இரண்டு விளைவுகள் உடனே தெரியும். ஹாலஜன் பல்புக்கு வரும் மின்னழுத்தம் பாதியானால் ஒளி பாதியாவதோடு நிற்பதில்லை, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் சில வோல்ட் குறைந்ததற்கே சாலை இருண்டுபோகிறது. இரண்டாவது விளைவு இன்னும் மோசமானது. பின்னில் தொலையும் மின்சாரம் அங்கேயே வெப்பமாகிறது. மேலே சொன்ன கணக்கில் அது 13 வாட்டுக்கு மேல் வரும். சுண்டுவிரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் கப்ளருக்குள் அவ்வளவு வெப்பம் இரவுதோறும் உண்டானால் அது பழுப்பேறி, உருகி, கடைசியில் பின்னோடு ஒட்டிக்கொள்ளும். பழைய கார்களின் ஹெட்லைட் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பின்னைச் சுற்றி மட்டும் கருகிய வளையம் தெரியும். மற்ற பின்கள் புதிதுபோல் இருக்கும்.

ஒரு ஆள் நடந்து கடந்துவிட்டார் என்பதற்காக அந்த மரப்பாலத்தில் லாரியை ஏற்றிவிட முடியாது. மீட்டரின் ஒரு மில்லிஆம்பியர் அந்த ஆள், ஹெட்லைட்டின் 4.6 ஆம்பியர் லாரி. இரண்டுக்கும் இடையே பல ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

ஸ்டார்ட்டர் மோட்டாரில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. இன்ஜினைச் சுழற்றும்போது சிறிய காரிலேயே 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பொடி படிந்து வெறும் 0.05 ஓம் தடை ஏறினால்கூட 5 வோல்ட் அங்கேயே போய்விடும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த 0.05 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரால் நம்பகமாக அளக்கவே முடியாது. மீட்டரின் சிவப்பு, கருப்பு வயர்களை ஒன்றோடொன்று தொட்டாலே திரையில் 0.1, 0.2 என்று காட்டும். தேடும் பொருளைவிடத் தேடும் கருவியின் பிழை பெரிது.

அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இதைக் கணக்குப் போடாமலே அறிந்திருக்கிறார்கள். "மீட்டர்ல வருது தம்பி, லோடு குடுத்தா விழுந்துடுது" என்பது அவர்கள் தங்களிடம் வேலை பழகும் பையன்களிடம் சொல்கிற வார்த்தை. அவர்கள் கையில் எப்போதும் இருக்கும் டெஸ்ட் லாம்ப், அதாவது இரண்டு வயரும் ஒரு கிளிப்பும் வைத்த பல்பு, இந்த விஷயத்தில் விலையுயர்ந்த மீட்டரைவிட நல்ல கருவி என்பது என் கருத்து. 21 வாட் இன்டிகேட்டர் பல்பை அதில் போட்டால் அது 1.75 ஆம்பியரை உண்மையாகவே இழுக்கிறது. பலவீனமான வயராக இருந்தால் பல்பு மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஈசியு எனப்படும் கணினிப் பெட்டிக்குப் போகும் வயர்களில் இதைத் தொடக் கூடாது. அங்குள்ள மெல்லிய மின்சுற்றுகள் அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கா. அங்கே மீட்டர்தான்.

இனி ஃபியூஸுக்கு வருவோம். பழைய கார்களில் கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய கம்பியாகவும், ஐரோப்பியக் கார்கள் சிலவற்றில் பீங்கான் உடலின்மேல் பட்டையாகவும் இருந்த ஃபியூஸ், 1976இல் அமெரிக்காவின் லிட்டில்ஃபியூஸ் நிறுவனம் கொண்டுவந்த இரண்டு கால் பிளாஸ்டிக் வடிவத்துக்குப் பிறகு உலகம் முழுவதும் ஒரே சாயலுக்கு மாறியது. பழுப்பு 7.5 ஆம்பியர், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. உள்ளே இருப்பது துத்தநாகக் கலவைப் பட்டை. துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், தாமிரம் உருக 1,085 டிகிரி வேண்டும். வயர் தாக்குப்பிடிக்கும்போதே ஃபியூஸ் உருக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இந்த ஃபியூஸின் தலையில் கடுகளவு இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். ஃபியூஸைப் பிடுங்காமலே சோதிப்பதற்காக வைத்தவை அவை. சாவியை ஆன் செய்து, டெஸ்ட் லாம்பின் கிளிப்பை பாடியில் மாட்டி, முனையால் இரண்டு புள்ளிகளையும் தொட வேண்டும். இரண்டிலும் பல்பு எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் ஃபியூஸுக்கே மின்சாரம் வரவில்லை என்று அர்த்தம். கோளாறு அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. கன்டினியூட்டி வைத்துப் பார்ப்பதானால் ஃபியூஸைக் கட்டாயம் வெளியே எடுத்துவிட வேண்டும். பெட்டியில் இருக்கும்போது, மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் வேறு விளக்குகள், வேறு வயர்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடலாம். ஃபியூஸ் எரிந்துபோயிருந்தும் மீட்டர் கத்தும்.

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால் பலர் பல்பை என்பார்கள், ரேடியோவை என்பார்கள். அது காப்பாற்றுவது வயரை. 10 ஆம்பியர் ஃபியூஸ் 10ஐத் தாண்டிய நொடியில் உருகிவிடுவதும் இல்லை. 11 ஆம்பியரில் அது 100 மணி நேரம்கூடத் தாங்க வேண்டும் என்றுதான் தயாரிப்பு விதி சொல்கிறது. 20 ஆம்பியர் ஓடினால் சில நொடிகளுக்குள் உருக வேண்டும். அந்த அவகாசத்தில் வயர் எவ்வளவு சூடேறும் என்று கணக்கிட்டுத்தான் வயரின் தடிமனைத் தீர்மானிக்கிறார்கள். இப்போது 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அந்த இடத்தில் 30 போட்டால் என்ன ஆகும்? வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 1 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் 10 ஆம்பியர் ஓடும்போது ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.7 வாட் வெப்பம் உண்டாகிறது. 30 ஆம்பியரில் அது 15 வாட்டைத் தாண்டும், ஒன்பது மடங்கு. அந்த வயர் தனியாகவும் ஓடவில்லை. இன்னும் இருபது வயர்களோடு கட்டாக டேப் சுற்றி, கார்ப்பெட்டுக்கு அடியில் காற்றுப் படாமல் கிடக்கிறது. மேலுறை இளகி, பக்கத்து வயரின் உறையும் இளகி, இரண்டும் ஒட்டும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைப்பதும், ஒரு இழை தாமிரக் கம்பியைச் செருகுவதும் இதைவிட ஆபத்து. 'வண்டி வீடு போய்ச் சேரும்வரை' என்று செய்கிற இந்த ஏற்பாடுதான் வண்டி போகிற வழியிலேயே தீப்பிடிக்கக் காரணமாகிறது.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதென்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கன்டினியூட்டி வைப்பவர்கள் விழும் பள்ளம் ஒன்றுண்டு. ஃபியூஸைக் கழற்றிவிட்டு, விளக்குக்குப் போகும் வயருக்கும் பாடிக்கும் இடையே மீட்டரை வைக்கிறார்கள். மீட்டர் கத்துகிறது. 'வயர் பாடியில் படுகிறது' என்று டேஷ்போர்டைப் பிரிக்கத் தொடங்குகிறார்கள். ஆனால் மீட்டர் கேட்டது பல்பின் இழையை. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2.6 ஓம் என்று மேலே கணக்கிட்ட ஹெட்லைட், அணைந்திருக்கும்போது கால் ஓம் அளவுக்கு வந்துவிடும். மீட்டருக்கு அதுவும் ஷார்ட்டும் ஒன்றே. அந்த ஃபியூஸில் ஓடும் பல்புகள், மோட்டார்கள் எல்லாவற்றின் கப்ளரையும் கழற்றிய பிறகும் மீட்டர் கத்தினால்தான் அது உண்மையான ஷார்ட்.

இதற்குப் பணிமனைகளில் ஒரு அருமையான வழி இருக்கிறது. போய்விட்ட ஃபியூஸின் இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை வயர் வைத்து மாட்டிவிடுவார்கள். ஷார்ட் இருக்கும்வரை அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். பல்பின் தடை காரணமாக நான்கைந்து ஆம்பியருக்கு மேல் ஓடாது, எதுவும் கருகாது. பிறகு ஒருவர் வயர்க்கட்டை இடம் இடமாக அசைத்துக்கொண்டே போவார். எந்த இடத்தில் தொட்டதும் பல்பு சட்டென்று மங்குகிறதோ அங்கேதான் வயர் பாடியில் உரசிக்கொண்டிருக்கிறது. டஜன் கணக்கில் ஃபியூஸ் வாங்கிப் போட்டு எரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எர்த் பற்றிச் சொல்லாமல் கார் வயரிங்கைப் பேசவே முடியாது. காரில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு வயர் பேட்டரிவரை போவதில்லை. மின்சாரம் வயர் வழியாக வந்து, இரும்பு பாடி வழியாகத் திரும்புகிறது. பாடியும் வயரும் சேரும் இடம் ஒரு போல்ட்டும் ஒரு வளையமும்தான். பெயின்ட், துரு, மழைநீர் எல்லாம் அங்கேதான் வேலை செய்கின்றன. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற கார்களில் தண்ணீர் முதலில் எட்டிய இடங்களில் இதுவும் ஒன்று. தண்ணீர் வடிந்த அன்று அந்த இணைப்பு நன்றாகவே வேலை செய்யும். உப்பும் ஈரமும் தங்கிய உலோகம் மெல்ல அரித்து, மாதங்கள் கழித்தே கோளாறு தலைகாட்டும்.

பின்விளக்கின் எர்த் போனால் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். பல கார்களில் ஒரே பல்பில் இரண்டு இழைகள்: பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங்குக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த் அறுந்துவிட்டால், பிரேக்கை மிதிக்கும்போது 21 வாட் இழை வழியே வந்த மின்சாரம் பாடிக்குப் போக வழியில்லாமல், 5 வாட் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, பார்க்கிங் விளக்கின் வயரில் ஏறி, மறுபக்கத்துப் பார்க்கிங் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, டேஷ்போர்டு விளக்கு வழியாக எர்த் தேடிப் போகும். சுவிட்சே போடாத விளக்குகள் மினுக்கும். பார்க்கிங் விளக்கைப் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்தாலோ, எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கு அணையும். இழையின் இரு பக்கமும் 12 வோல்ட் வந்துவிடுவதால் ஓட்டம் நின்றுவிடுகிறது. சுவிட்ச் கெட்டுவிட்டது, ரிலே கெட்டுவிட்டது என்று தோன்றும். போனது ஒரு போல்ட்.

இந்த நிலையில் பல்ப் ஹோல்டரின் எர்த் முனைக்கும் பாடிக்கும் இடையே கன்டினியூட்டி வைத்தால் மீட்டர் என்ன சொல்லும்? கத்தும். மீட்டரின் மின்னோட்டம் இந்தப் பக்கத்து 21 வாட் இழை வழியாகப் போய், பிரேக் வயரில் ஓடி, மறுபக்கத்து 21 வாட் இழை வழியாக அங்குள்ள நல்ல எர்த்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. குளிர்ந்த இழைகள் என்பதால் மொத்தம் ஒன்றிரண்டு ஓம்தான். எர்த் வயர் அறுந்தே கிடக்க, மீட்டர் இணைப்பு உண்டு என்கிறது. பல்பைக் கழற்றிவிட்டு வைத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

இதற்கெல்லாம் சரியான சோதனை, விளக்கை எரியவிட்டே அளப்பது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை பல்ப் ஹோல்டரின் எர்த்திலும் வைக்க வேண்டும். இணைப்பு நன்றாக இருந்தால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. 2 வோல்ட் காட்டினால் அந்தப் பாதையில் 2 வோல்ட் தொலைகிறது. பிறகு பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் பாசிட்டிவ் பின்னுக்கும் இடையே அதேபோல வைத்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் மீட்டரின் ஒரு முனையைச் சுவிட்ச், ரிலே, கப்ளர் என்று இணைப்பு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால், எங்கே எண் சட்டென்று குதிக்கிறதோ அங்கே கோளாறு. வோல்டேஜ் டிராப் பார்ப்பது என்று சொல்லும் இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதும், எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

கன்டினியூட்டி வீண் என்று சொல்ல வரவில்லை. கதவுக்கும் பாடிக்கும் நடுவில், டிக்கிக் கதவின் கீல் ஓரத்தில், ரப்பர் குழாய்க்குள் ஓடும் வயர்கள் திறந்து மூடித் திறந்து மூடியே உள்ளே அறுந்துபோகும். மேலுறை மட்டும் முழுசாக இருக்கும். கண்ணால் பார்த்துத் தெரியாது. இரு முனையிலும் மீட்டரை மாட்டிவிட்டு வயரை மெதுவாக மடக்கி நிமிர்த்தினால், சத்தம் விட்டு விட்டு வரும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். எலி கடித்த வயர்க்கட்டில் எந்த முனை எந்த முனையோடு சேர வேண்டும் என்று தேடுவதற்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. திரையைப் பார்க்கத் தேவையில்லாமல், கையும் காதும் மட்டும் வேலை செய்யும் இடங்கள் இவை.

சத்தம் வராதது நல்லதாகிற இடமும் ஒன்று உண்டு. இன்றைய கார்களின் கணினிப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவது, பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் என்ற இரட்டை வயர் வழியாக. அதன் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, கோளாறு கண்டறியும் ஓபிடி கப்ளரின் 6ஆம், 14ஆம் பின்களுக்கிடையே அளந்தால் பெரும்பாலான கார்களில் 60 ஓம் வர வேண்டும். பல மீட்டர்கள் இதற்குக் கத்தவே கத்தா. லைன் நன்றாகவே இருக்கும். 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை நெருங்கி மீட்டர் கத்தினால்தான் கவலைப்பட வேண்டும், இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன.

மீட்டரையே கொண்டுபோகக் கூடாத இடங்களும் இருக்கின்றன. மஞ்சள் கப்ளர் போட்ட ஏர்பேக் வயர்களில் கன்டினியூட்டியோ ஓமோ ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக்கை வெடிக்க வைப்பதே சிறு மின்னோட்டம்தான்; மீட்டரின் பேட்டரியை அங்கே இணைப்பது உயிரோடு விளையாடுவது. மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற கேபிள்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். பயிற்சி பெற்றவர்களைத் தவிர யாரும் தொடக் கூடாது. மற்ற எந்த வயரிலும் கன்டினியூட்டி வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். மின்சாரம் ஓடும் வயரில் ஓம் அளந்தால் தப்பான எண் வரும், சில நேரம் மீட்டரே போய்விடும்.

கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஃபியூஸ் போனால் அதே எண் உள்ள ஃபியூஸை ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். அதுவும் போனால் மூன்றாவதைத் தேடாதீர்கள், எண்ணை ஏற்றவும் சம்மதிக்காதீர்கள். வயரைத் தேடச் சொல்லுங்கள். விளக்கு மங்கினாலோ ஸ்டார்ட்டர் தடுமாறினாலோ எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்கும் முன், 'வோல்டேஜ் டிராப் பார்த்தீங்களா அண்ணே?' என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.